எட்டு வீட்டுச் சலதாரை

நேற்றுக் காலை நம் நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் தோழி ஒருவர் கேட்டிருந்தார்: சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது, எந்தப் பவுடர் வாங்கலாம்? அரை மணி நேரத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. ஒருவர் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினார். ஒருவர் சோடா உப்பு என்றார். இன்னொருவர், "ரெண்டு மூணு சேத்து ஊத்துங்க, பிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று எழுதிச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அங்கே நாலு வரியில் எழுத முடியாததை இங்கே நம் குழுவுக்கு ஒரு கடிதமாக எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள்தான். உங்களில் சிலர் என்னைப் போலவே, ஓசூருக்குக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலத்தில் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் வளர்ந்திருப்பீர்கள். சங்குச் சத்தத்தில் எழுந்து, சங்குச் சத்தத்தில் சாப்பிட்ட பிள்ளைகள் நாம்.

முதலில் கேட்டவருக்குப் பதில். தண்ணீர் மெதுவாக இறங்கினால் அது எண்ணெய்ப் பிசுக்கு; சுடுதண்ணீரும் பொறுமையும் போதும். குளியலறை என்றால் முடி. கொக்கி போட்டு இழுத்தால் வரும், தள்ளினால் போகாது. தண்ணீர் இறங்கவே இல்லை என்றால் உள்ளே துணியோ நாரோ கிடக்கிறது. அதற்கு வளைந்து போகிற ஒயர் வேண்டும், நேராக நிற்கிற கம்பி உதவாது. எது என்று தெரியவில்லையா, தெரியும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு மருந்து ஊற்றிய குழாயில் இன்னொரு மருந்தை மட்டும் எந்தக் காலத்திலும் ஊற்றாதீர்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் லைனின் கடைசி வீட்டில் குடியிருந்தார்.

சிமெண்டு ஷீட் போட்ட எட்டு வீடுகள், ஒரே வரிசையில். வரிசையின் தலைமாட்டில் வீட்டுக்காரம்மாவின் மாடி வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சிமெண்டு மேடை, அதில் இரண்டு குழாய், ஒரு துவைக்கிற கல். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் அங்கேதான். மேடையின் மூலையில் ஒரு வாய் திறந்திருக்கும். அதை நாங்கள் சலதாரை என்போம். அதில் விழுகிற தண்ணீர் மண்ணுக்கடியில் ஒரு சிமெண்டுக் குழாய் வழியாக எல்லா வீட்டின் பின்பக்கமும் ஓடி, கடைசி வீட்டுக்குப் பின்னால் இருந்த குழியில் போய்ச் சேரும். எங்கள் வீடு மூன்றாவது.

எட்டு வீட்டிலும் ராத்திரிக்குக் கேப்பங்களிதான். களிப் பானையில் ஒட்டியதைச் சுரண்டி, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டால் அத்தனையும் அந்த ஒரே குழாய்க்குள் போகும். உள்ளே என்ன ஆகும் என்று யாரும் நினைத்ததில்லை. இன்றும் அந்த வாடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புளித்த கேழ்வரகும் துணி சோப்பும் ஈரச் சாம்பலும் கலந்த வாடை.

அப்பாவுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம். அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிந்து, தன் பங்கு சிறுத்துப்போனதில் வேலை தேடி ஓசூருக்கு வந்தவர். ஒரு கம்பெனியில் டூல் ஸ்டோர் அவர் பொறுப்பு. ஆபரேட்டர்கள் பித்தளை டோக்கனைக் கொடுத்தால் அப்பா டூலை எடுத்துக் கொடுப்பார். டூல் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பப் போகும். எந்த ஸ்பேனர் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தேய்ந்துபோன டோக்கன் ஒன்றை எனக்கு விளையாடக் கொடுத்திருந்தார். நடுவில் ஓட்டை, மேலே நாற்பத்தொன்று என்று எண் வெட்டியிருக்கும். வாயில் வைத்தால் புளிக்கும். அதை எப்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

கடைசி வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லேத் ஆபரேட்டர். அப்பாவும் அவரும் ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ். அவருக்கும் காவேரிப்பட்டினம் பக்கம்தான். அவருடைய அப்பா எங்கள் பெரியப்பா வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். அதனால் அவர் ஊரில் எந்தப் பக்கத்து ஆள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் முதலில் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "மாமான்னு கூப்பிடாத, அண்ணான்னு கூப்பிடு" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேளு" என்று தலையைக் குட்டினாள். மாமா என்றால் பெண் கொடுத்து எடுக்கிற முறை ஆகிவிடும் என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆனது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பேசுவார். "மரியாத தெரிஞ்ச புள்ள" என்று அம்மா மெச்சிக்கொள்வாள். உள்ளே வா என்று யாரும் சொல்லாததால்தான் அவர் வெளியே நின்றார் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஓசூர்க் குளிரும் மழையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துணி காயாது, சுவர் வேர்க்கும். அப்போதுதான் சலதாரை முதல்முறை அடைத்தது. மேடையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதன்மேல் களி ஆடையாக மிதந்தது. வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர், தண்ணீரை நீள்ளு என்பார். மாடியில் இருந்து, "நீள்ளு போகலியா? யாராச்சும் குத்தி விடுங்கப்பா" என்று கத்தினார். முதல் வீட்டு மதுரைக்கார அக்கா துடைப்பக் குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தார். அப்பா ஒரு மூங்கில் பிளாச்சைக் கொண்டுவந்து குத்தினார். தண்ணீர் இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

சத்தம் கேட்ட கடைசி வீட்டு அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். வந்தவர் உடனே கையை விடவில்லை. குந்தி உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடைசியில் இருந்த குழிப்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் குந்தினார்.

"என்னாப்பா, ஜோசியமா பாக்கற?" என்றார் அப்பா.

"எது அடைச்சிருக்குதுன்னு தெரியாம என்னாத்தண்ணா குத்தறது? அந்தண்டப் பக்கம் சொட்டுக்கூட வரல. துணி இல்லன்னா நாரு. குத்துனா இன்னும் இறுகிக்கும்."

அவர் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஒயர்கள் இரண்டை முறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதன் முனையைப் பன்றிவால் மாதிரி சுருட்டிக்கொண்டார். மறுமுனையில் ஒரு கைப்பிடி வளைத்தார். அதைக் குழாய்க்குள் விட்டு, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுகிறவர் மாதிரி நிதானமாகச் சுற்றினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தார்.

"குத்தக் கூடாது பாப்பா, சுத்தணும். உள்ள மாட்டுனா கைக்கே தெரியும். மாட்டுச்சா? இப்ப மெதுவா இழு."

கை தெரிந்துகொண்டது. அந்தப் பக்கத்தில் உயிருள்ள ஒன்று பிடித்து இழுப்பது போல இருந்தது. நார், முடி, கிழிந்த சாக்குத் துண்டு எல்லாம் ஒரே பின்னலாக வெளியே வந்தன. மேடைத் தண்ணீர் சுழித்து உள்ளே போன சத்தம் கேட்டு எட்டு வீட்டுப் பிள்ளைகளும் கைதட்டினோம். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்த ஞாபகம் இல்லை.

ஏனென்றால் வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்தார். செய்தித்தாளில் மடித்த ஒரு பழைய சட்டை, ஈயத் தட்டில் ஆறிப்போன சாம்பார் சோறு. இரண்டையும் அவர் கையில் கொடுக்கவில்லை. துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்றார். அண்ணன் குழாயில் கையைக் கழுவினார், முழங்கைவரை சோப்புப் போட்டு. கல்லைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி, நாங்கள் கடைசி வீட்டு அக்கா என்று கூப்பிடுகிறவர், நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையும் சோறும் மழையில் நனைந்தன. சாயங்காலம் ஒரு நாய் வந்து தட்டைக் கவிழ்த்தது.

"வெக்கப்பட்டுக்கிட்டு எடுக்காமப் போயிடுச்சு, பாவம்" என்றாள் அம்மா.

அந்த மழையில் சலதாரை மறுபடியும் அடைத்தது. வீட்டுக்காரம்மா கடைசி வீட்டுத் தகரக் கதவைத் தட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். அண்ணன் வந்தார், செய்தார், போனார். மூன்றாம் முறை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அக்காதான் வெளியே வந்தார். மெலிந்த உடம்பு, இடுப்பில் கைக்குழந்தை. மேடைவரை நடந்து வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"அவரு லேத்துல நிக்கிறவருங்க. சலதாரை அள்ற ஆளு இல்ல. எட்டு வீடு இருக்குது. வாரத்துக்கு ஒரு வீடு பாக்கட்டும். எங்க வாரம் வந்தா நாங்க பாக்கறோம். எப்படிப் பாக்கறதுன்னு தெரியாதவங்களுக்கு அவரே காட்டித் தருவாரு."

இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று எடுக்க முடியவில்லை. ஆனால் மேடையில் யாரும் அதை ஏற்கவில்லை. வீட்டுக்காரம்மா, "அதெப்படிம்மா, தெரிஞ்சவங்க செஞ்சாத்தான சரியா வரும்?" என்றார். மதுரைக்கார அக்கா, "எங்க வீட்ல அவுக அதெல்லாம் தொட மாட்டாக" என்று உள்ளே போய்விட்டார். அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு மை தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. உள்ளே வந்ததும் அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "மொற வெச்சுச் செய்யணுமாம். நாமளும் அவங்களும் மாத்தி மாத்தி. கேட்டியா?"

மறுநாள் அண்ணன் அந்த ஒயரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "வெச்சுக்கங்கண்ணா. பாப்பாவுக்கே சுத்தத் தெரியும்" என்றார்.

"எங்க ஸ்டோர்ல இல்லாத டூலாப்பா?" என்றார் அப்பா. ஒயர் வந்த வழியே திரும்பிப் போனது.

அதன்பிறகு அந்த அடைப்பு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் தண்ணீர் மேடையைத் தாண்டி வாசல்வரை வந்து நின்றது. செங்கல் போட்டுத் தாண்டி நடந்தோம். கொசு அடைந்தது. குளிக்க முறை, துவைக்க முறை, அதற்குச் சண்டை. கடைசி வீட்டுப் பக்கம் பார்த்து எல்லாரும் காறித் துப்பினார்கள். அக்கா தண்ணீர் பிடிக்க வந்தால் குடத்தை நகர்த்தி இடம் விடமாட்டார்கள்.

அப்பா இதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். தினம் ஒரு சாமான் கொண்டுவந்தார். நீளமான கட்டடக் கம்பி ஒன்று. ரப்பர் கிண்ணம் வைத்த தடி ஒன்று. வாய் அகலமாக இருந்ததால் அது பிடிக்கவே இல்லை. ஒருநாள் கம்பி நுனியில் பழைய வேட்டியைக் கிழித்துப் பந்தாகக் கட்டி, பலங்கொண்ட மட்டும் தள்ளினார். கம்பி திரும்பி வந்தது, துணிப்பந்து வரவில்லை.

"துணி எங்கப்பா?" என்றேன்.

"தண்ணியோட போயிருக்கும். நீ போயிப் படி."

எத்தனை டூலை அவர் கை எடுத்துக் கொடுத்திருக்கும்! எந்த டூலுக்கு என்ன வேலை என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தட்டில் அடுக்கி வைத்திருக்கிறவருக்கு எல்லாமே தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மதுரைக்கார அக்காவின் கணவர் தன் முலாம் பூசுகிற கம்பெனியில் இருந்து ஒரு பை நிறைய காஸ்டிக் சோடா கொண்டுவந்தார். சோழி உடைத்த மாதிரி வெள்ளை வெள்ளைச் செதில். அதை அப்படியே சலதாரைக்குள் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் புகைந்தது, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆசிட் விற்கிறவர் சைக்கிளில் வரும் நாள். அப்பா இரண்டு பாட்டில் வாங்கினார். அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான்தான் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் மேடைக்குப் போனேன். அவர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது கடைசி வீட்டு அண்ணன் செங்கல்மேல் கால் வைத்து வைத்து வேகமாக வந்தார்.

"அண்ணா, ஆசிட் ஊத்தாதீங்க. உள்ள சோடா கெடக்குது. ரெண்டும் சேந்தாக் கொதிச்சு மேல அடிக்கும். எங்க மிசின் பக்கத்துல ஒரு ஆளுக்கு அப்படித்தான் மூஞ்சி வெந்துச்சு. பத்துக் கொடம் தண்ணி ஊத்தி ரெண்டு நாள் விடுங்க. இல்ல, நானே வந்து சுத்தி எடுத்துத் தர்றன்."

மாடியில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். முதல் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"கூப்பிட்டப்ப வரமாட்டன்னுட்டு, இப்ப யோசன சொல்ல வந்துட்டியா? டூலு எடுத்துக் குடுக்கிறவனுக்கே டூலு சொல்லித் தர்றியா? போப்பா அந்தண்ட."

அண்ணன் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீயாவது தள்ளி வா" என்றார். நான் தள்ளிப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அப்பா முதல் பாட்டிலை ஊற்றினார். சீறல் சத்தம் வந்தது. "பாத்தியா, வேல செய்யுது" என்று இரண்டாவதையும் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து அம்மா அரிசி களைந்த தண்ணீரோடு வெளியே வந்தாள். சலதாரை திறந்துகொண்டதா என்று பார்க்கக் குனிந்தாள்.

அந்தச் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. குழாய் வாய் ஒருமுறை விக்கியது. கறுப்பும் வெள்ளையுமாக ஆள் உயரத்துக்கு எழும்பியது. அப்பாவின் முன்கையில் பட்டது. அம்மாவின் முகத்தில் பட்டது. அவள் போட்ட கூச்சல் பின்னாலிருந்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். "நீள்ளு ஊத்தாதீங்க, வெளக்கெண்ண ஊத்துங்க" என்று வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கத்தினார். எண்ணெய் எடுக்க யாரோ ஓடினார்கள். அதற்குள் கடைசி வீட்டு அக்கா குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, அம்மாவின் தலைமயிரைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனார். முகத்தை மேலே திருப்பி, இமையை விரலால் பிரித்து, குடம் குடமாக ஊற்றினார். "கண்ணத் தொறங்கக்கா, தொறங்க" என்று அழுதுகொண்டே ஊற்றினார். வேண்டாம் வேண்டாம் என்று அம்மா அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. என் கையிலிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணன் மெயின் ரோட்டுக்கு ஓடி ஒரு டெம்போவைக் கூட்டி வந்தார்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் இருந்து அம்மாவைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். வலது கண் போய்விட்டது. "யாரோ உடனே நெறைய தண்ணி ஊத்தியிருக்காங்க. இல்லன்னா இன்னொரு கண்ணும் இருக்காது" என்று டாக்டரம்மா கன்னடம் கலந்து சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். ஊற்றியது யார் என்று டாக்டரம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் எழுத வந்தது.

நாலாவது நாள். வார்டில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. நான் ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்து ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று கேட்டாள்:

"ஏன்டி, உங்கப்பா ஆசிட் ஊத்தறப்ப கடசி வீட்டுத் தம்பி அங்க வந்து நின்னுச்சில்ல? நான் உள்ள இருந்தன். சத்தம் கேட்டுச்சு, பேச்சு வெளங்கல. என்னா சொல்லிச்சு?"

அப்பா அப்போதுதான் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அம்மாவுக்கு அவர் வந்தது தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இத்தனை வருஷம் அதைச் சாக்காக வைத்துக்கொண்டிருப்பேன். அது கெஞ்சியது. அப்படியொரு முகத்தை அப்பாவிடம் நான் பார்த்ததே இல்லை.

"ஒன்னும் சொல்லலம்மா" என்றேன். "சும்மா நின்னு வேடிக்க பாத்தாரு."

"வேடிக்க பாத்துச்சா?" என்றாள் அம்மா. பிறகு இன்னும் மெதுவாக, "வேடிக்கயா பாத்தான்?" என்றாள்.

அந்த ஒரு சொல் எங்களுக்கு முன்னாலேயே மூக்கண்டப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. வார்டுக்குப் பார்க்க வந்த மதுரைக்கார அக்காவிடம் அம்மா சொன்னாள். அவர் லைனில் சொன்னார். மாடியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த வீட்டுக்காரம்மாவும், "ஆமாமா, நின்னு வேடிக்கதான் பாத்தான்" என்றார். "வந்து சுத்தி விட்டிருந்தா ஒரு பொம்பளைக்குக் கண்ணு போயிருக்குமா? திமிரு" என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். பேச்சு கம்பெனி பஸ்ஸில் ஏறியது. அண்ணன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். கேண்டீனில் அவர் மேஜை காலியாகவே கிடந்தது. டூல் ஸ்டோர் ஜன்னலில் அவர் டோக்கனை நீட்டும்போது அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று கடைசி வீட்டு அக்கா பார்க்க வந்தார். படிக்கு வெளியே நின்றார். கையில் பல் பட்ட இடம் இன்னும் ஆறவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் என் பாவாடை ஓரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கார்த்திகை முடிவதற்குள் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். ஒரு மாட்டு வண்டிக்கே சாமான் போதவில்லை. அவ்வளவு குறைவு. அண்ணன் கம்பெனியையும் விட்டுவிட்டு, பார்டருக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் ஒரு பட்டறையில் சேர்ந்ததாகச் சொன்னார்கள்.

பிறகு வீட்டுக்காரம்மா கூலியாட்களை வைத்துக் குழாயைத் தோண்டி எடுத்தார். ஆறாவது வீட்டுக்குப் பின்னால் குழாய் உடைந்திருந்தது. உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது ஒரு வேட்டித் துணிப்பந்து. கரை நைந்திருந்தாலும் மாம்பழக் கலர் தெரிந்தது. அம்மாவுக்கு அடையாளம் தெரிந்திருக்கும், துவைத்தவள் அவள்தானே. ஆனால் அவள் அப்போது வாசலுக்கு வரவில்லை. அப்பா வந்து பார்த்தார். அதை அவரே ஒரு குச்சியால் தள்ளி மண்ணுக்குள் மூடினார்.

அம்மா அதற்குப் பிறகு நெடுநாள் வாழ்ந்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் காபியை ஊற்றிவிட்டு, "பாத்தியா, போன கண்ணு" என்று தானே சிரித்துக்கொள்வாள். பஸ்ஸில் எப்போதும் வலது ஓரச் சீட்டுத் தேடுவாள், பக்கத்தில் வருகிறவர்கள் தன் நல்ல கண் பக்கம் இருக்கவேண்டும் என்று. என் கல்யாணப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவள் முகம் திரும்பியே இருக்கிறது. அப்பா ரிட்டையர் ஆனார், இறந்தார். சாகும்வரை அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அவர்தான். அன்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்பும் இருந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் என்னை ஒருமுறை பார்ப்பார்.

எவ்வளவோ சாயங்காலங்கள் அம்மாவும் நானும் மட்டும் இருந்திருக்கிறோம். அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். நாளை சொல்வோம் என்று இருந்தேன். இத்தனை வயதில் அவளை எதற்குக் குழப்புவது என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணமும் வைத்திருந்தேன். போன தையில் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காரியத்துக்கு வந்த அப்பாவின் பழைய கம்பெனிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், அந்த லேத் ஆபரேட்டர் இறந்து நான்கைந்து வருஷம் ஆகிறது, மனைவி காவேரிப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று. பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் பஸ் ஏறினேன்.

அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது. "மூணாவது வீட்டுப் பொண்ணுதான?" என்றார். மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மகள், அன்று என் கையில் வீறிட்ட குழந்தை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். பள்ளிக்கூடத்தில் டீச்சராம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சொன்ன எச்சரிக்கை, அப்பா பேசியது, வார்டு, ஆரஞ்சுச் சுளை, என் பொய்.  நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றார். "அவரு அன்னிக்கே வந்து சொல்லிட்டாரே. அந்தப் பாப்பா பக்கத்துலதான் நின்னுச்சு, அதுக்கு எல்லாம் தெரியும், அது சொல்லிடும்னாரு. கொழந்த பயந்திருக்கும், ரெண்டு நாள் போவட்டும்னாரு. அப்படியே ஒரு மாசம் பாத்தாரு. உங்கம்மா வீட்டுக்கு வந்தன்னிக்கு நான் வந்து நின்னனே, எதுக்குன்னு நெனச்ச? உன் வாயப் பாக்கத்தான் வந்தன். அப்புறந்தான் வேற வீடு பாத்தோம்."



"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"இருக்காங்களா?"

"தையில போயிட்டாங்க."

அவர் தன் வலதுகை மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். வண்டி தெருவைத் தாண்டிய பிறகு அக்கா சொன்னார், கோபமே இல்லாமல்:

"கேக்க வேண்டியவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. இப்ப கொண்டாந்து எங்கிட்ட குடுக்கற. இத நான் எங்க கொண்டுபோயி வெக்கறது, சொல்லு."

 அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நேரமாவுது. ஓசூர் பஸ்ஸு போயிடும்" என்றார். "கெளம்பும்மா."